ஒன்பதாம் நம்பர் முட்டை நலம்

அரியலூருக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வெள்ளைத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகிற சாலையில், ஓடைப்புதூர் என்ற ஊருக்கு வெளியே ஒரு டைனோசர் பூங்கா இருக்கிறது, அந்தப் பூங்காவுக்குச் சவரிமுத்து என்று ஒரு காவலாளி இருக்கிறார், அவரைப் போய்க் கேட்டால் இந்தக் கதையை அவரும் சொல்வார், அவர் சொல்வதும் நான் சொல்வதும் எங்கேயாவது முட்டிக்கொண்டால் தயவுசெய்து என்னுடையதையே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நடந்ததில் பாதி நேரம் அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் நாமக்கல் பக்கத்து ஆட்கள், கோழிக்குஞ்சு பொரிக்கிற குடும்பம். நான் நாற்பத்திரண்டு வருஷம் முட்டை அடுக்கினேன், என் மனைவி பாவாயி பெட்டிக்கு நூறு என்று குஞ்சு எண்ணினாள், மகன் பூபதி இப்போது பொரிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறான், மருமகள் மேகலா கரு பார்க்கிறாள். கரு பார்ப்பதென்றால் இருட்டறையில் ஒரு விளக்கின் மேல் முட்டையை வைத்து உள்ளே பார்ப்பது. சிவப்புச் சிலந்தி கால் விரித்த மாதிரி நரம்பு ஓடினால் உயிர், ரத்தம் வளையமாகச் சுருண்டு நின்றுவிட்டால் செத்தது. ஒரு நாளைக்கு நாலாயிரம் முட்டை பார்ப்பாள், ஒன்றில்கூடத் தவற மாட்டாள், அவள் ஒதுக்கிய முட்டையை எவனாவது ரோஷப்பட்டு மறுபடி உள்ளே வைத்தால் இருபத்தோராம் நாள் அது நாறிக்கொண்டு அவன் மானத்தை வாங்கும்.

அந்தக் கண்தான் அவளுக்கே எமனாகிவிட்டது. இரண்டு தடவை கரு தங்கி, இரண்டு தடவையும் ஏழாம் மாதத்தில் போய்விட்டது. இரண்டு தடவையும் ஸ்கேன் அறையில் டாக்டர் வாயைத் திறக்குமுன்பே இவள் திரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். மூன்றாவது தங்கி ஐந்து மாதம் ஆனதும் ஸ்கேனுக்குப் போவதை நிறுத்தினாள். "பார்த்தா எனக்குத் தெரிஞ்சு போயிரும் மாமா. பார்க்காம இருந்தா இருக்குதுன்னு நெனச்சுக்கலாமில்லீங்க" என்றாள். வயிற்றின் மேல் கை வைக்க மாட்டாள், உதைக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லை என்பாள், எங்கள் பக்கம் ஏழாம் மாதத்தில் பெண்ணின் தாய்வீட்டார் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து போடுகிற கட்டுச்சோற்று விருந்தை இந்தத் தடவை யாரும் வாயெடுத்தே சொல்லவில்லை. முந்தின இரண்டும் அந்தச் சோறு தின்ற பத்தாம் நாள் போயின.

அவளை ஒரு நாளாவது வீட்டைவிட்டு வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று பூபதி தவித்தான். கோயிலுக்குப் போனால் மரமெல்லாம் தொட்டில், பூங்காவுக்குப் போனால் ஊஞ்சல், மிருகக்காட்சி சாலைக்குப் போனால் குட்டியோடு குரங்கு. யோசித்து யோசித்து, ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் எல்லாமே செத்துப்போன இடமாகப் பார்த்துப் பிடித்தான். "அங்க யாரும் யாரையும் எதிர்பார்த்துக்கிட்டு இருக்க மாட்டாங்கப்பா" என்றான். ஏழாம் மாதத்தில் நூற்றிருபது கிலோமீட்டர் வண்டியில் போகலாமா என்று நீங்கள் கேட்க வேண்டாம், பாவாயி நான்கு நாள் அதைத்தான் கேட்டாள், அதற்குப் பதிலாக வண்டியில் நான்கு தலையணை போட்டோம். வண்டி எங்கள் குஞ்சு டெலிவரி வண்டிதான், எவ்வளவு கழுவினாலும் இறகு பறக்கும். பாவாயி அரிசியும் பருப்பும் போட்டு ஒரே ஒரு சோறு ஆக்கிக் கட்டினாள். தயிர்சோறு வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "ரெண்டாவது சோறு கட்டினா மூணாவது எதுன்னு ஆகும், வாயை மூடிக்கிட்டு ஏறுங்க" என்றாள்.

அப்படிச் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போய் இறங்கினோம். வாசலில் சிமெண்டில் செய்து பச்சை பெயிண்ட் அடித்த டைனோசர் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது, வாய்க்குள் குப்பைத் தொட்டி வைத்திருந்தார்கள். சவரிமுத்து கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருந்தார். எலும்பு, சிப்பி, கல்லான மரம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு தகரக் கொட்டகைக்கு வந்தோம். அங்கே மணல் பரப்பில் பன்னிரண்டு கல்முட்டைகள், ஒவ்வொன்றும் இளநீர் அளவு, வெள்ளைப் பெயிண்டில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர். வரிசையாக முட்டை இருந்தால் எங்கள் ஆட்களுக்குக் கால் தானாகவே மெதுவாகும். மேகலா இருட்டறையில் நடக்கிற மாதிரியே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒன்பதாவதில் நின்றாள். குனிந்து இரண்டு கையாலும் எடுத்து, கண்ணை மூடி, இமைமேல் வைத்தாள்.

முட்டையின் சூடு பார்க்க எங்களுக்குத் தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. உள்ளங்கை பொய் சொல்லும், இமை சொல்லாது.

"மாமா, சூடா இருக்குதுங்க."

"வெயில் அம்முணி."

"மத்ததெல்லாம் வெயிலாட்டம் சுடுது. இது முட்டையாட்டம் சுடுது."

நான் வைத்துப் பார்த்தேன், பாவாயி பார்த்தாள், பூபதி பார்த்தான், நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பிறகு பாவாயி முந்தானையை உதறி மேகலா தலைக்கு மேல் கூடாரமாகப் பிடித்தாள், அந்த இருட்டுக்குள் மேகலா செல்போன் விளக்கைக் கல்லுக்கு அடியில் வைத்தாள். வெளிச்சம் கல்லுக்குள் ஏறியது. எவ்வளவு நேரம் பார்த்தாளோ, முந்தானைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"இருக்குது."

அவள் சொன்னால் சொன்னதுதான். நான் காதிடுக்கிலிருந்த பென்சிலை எடுத்து, முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறு பக்கம் ஒரு வட்டமும் போட்டேன். உயிருள்ள முட்டை கைக்கு வந்தால் அதுதான் எங்கள் முதல் வேலை. குறி போட்டால்தான் எத்தனை தடவை புரட்டினோம், எந்தப் பக்கம் மேலே என்று தெரியும், புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிச் செத்துப்போகும். இது அரசாங்கத்துச் சொத்து என்பதோ, ஆறரைக் கோடி வருஷத்துப் பொருள் என்பதோ எனக்கு அப்போது தோன்றவே இல்லை, விசில் சத்தம் கேட்கும்வரை.

"யோவ் பெரியவரே! காதலர்கள்தான் கிறுக்குவானுங்கன்னு காவல் வச்சா, நீங்க எந்தக் காதலுக்குப் பேனாவ எடுத்தீங்க?"

"பேனா இல்லீங்க, பென்சிலு. பேனா மை ஓட்டுக்குள்ள எறங்கும், குஞ்சுக்கு ஆகாதுங்க."

"எந்தக் குஞ்சுக்கு?"

மேகலா முட்டையை அவரிடம் நீட்டினாள். "கண்ணை மூடிக்கங்கண்ணா. இமையில வச்சுப் பாருங்க."

சவரிமுத்து வைத்துப் பார்த்தார். வலது இமையில் வைத்தார், இடது இமையில் வைத்தார். பிறகு அதைப் பூப்போல மணலில் இறக்கிவிட்டு, மேலே அண்ணாந்து, "அப்படின்னா இந்தத் தகரம் சரிப்படாது தங்கச்சி. மத்தியானத்துல அடுப்பு மாதிரி காயும். கீத்துப் போடணும்" என்றார். போட ஆள் கூப்பிடப் போனார்.

கீற்று வந்தது, கீற்றோடு ஊரும் வந்தது. பூங்காவுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற குணவதி முதலில் வந்தாள். வந்தவள் எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "புரட்டாட்டி செத்துரும்னு சொல்றீங்க, அப்ப இத்தனை கோடி வருசமா யாரு புரட்டுனா?"

"பூமிதான் புரண்டுக்கிட்டே இருக்குதேம்மா."

"அதுவும் சரிதான்" என்றாள், பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டாள். அவ்வளவுதான். யாரும் மயங்கி விழவில்லை, யாரும் கற்பூரம் கொளுத்தவில்லை, சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கினால் மீனெலும்பும் சங்கும் கிடைக்கிற ஊர் அது, கடலே இங்கே இருந்துவிட்டுப் போயிருக்கிறது, ஒரு முட்டை இருப்பதில் என்ன இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சண்டை போட்டதெல்லாம் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் யார் புரட்டுவது என்பதில்தான்.

ஐந்து மணிக்குப் பூபதி வண்டியைக் கிளப்பினான். மேகலா மணலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல."

"ஒரு நாள் டூருன்னுதான வந்தோம்?"

"இருக்குதுன்னு சொன்னது நானு. சொல்லிப்போட்டு விட்டுட்டு வந்தா எப்படிங்க?"

இரண்டு வருஷத்தில் அவள் இது வேண்டும் என்று ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான். குணவதி கடைக்குப் பின்னால் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தாள். பூபதி மட்டும் தனியாக இறகு பறக்கிற வண்டியில் ஊருக்குப் போனான், பிறகு ஞாயிறு தோறும் வந்தான், வரும்போதெல்லாம் ஒரு தலையணை கூடுதலாகக் கொண்டுவந்தான், அவனுக்கு வேறு எதைக் கொண்டுவருவதென்று தெரியவில்லை.

அப்படியாக அந்த ஒரு நாள் பயணம் மூன்று மாதம் நீண்டது. விடிந்தால் மேகலா முட்டையைப் புரட்டுவாள், மதியம் ஊரில் முறை வந்த வீட்டார் புரட்டுவார்கள், சாயங்காலம் சவரிமுத்து புரட்டுவார், புரட்டினதும் பெருக்கல் குறி மேலே என்றோ வட்டம் மேலே என்றோ டீக்கடைப் பலகையில் எழுதிவிடுவார்கள், லாரி ஓட்டுகிறவர்கள் டீ குடிக்க இறங்கினால் பலகையைப் பார்த்துவிட்டு, "என்ன, வட்டமா? நேத்தும் வட்டந்தானே, சரியாப் புரட்டுனீங்களா?" என்று அதட்டுவார்கள். அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போட்டால் இடி இடித்தாலும் முட்டை கெடாது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஓடைப்புதூரில் இடி வானத்திலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக் குழியிலிருந்து வருகிறது, தினமும் நான்கு மணிக்கு வெடி வைப்பார்கள். ஊரே திரண்டு குழி மேஸ்திரியிடம் போனது. அவர் எழுதிக் கொடுங்கள் என்றார். ஊருக்கு அருகில் முட்டை அடையில் இருப்பதால் பொரியும்வரை வெடியை நிறுத்திவைக்கவும் என்று எழுதிக் கொடுத்தோம். வாங்கிப் படித்தார், "கோழியா?" என்று கேட்டார், "இல்லை, டைனோசர்" என்றோம், "அப்ப சரி, கோழின்னா மேல கேள்வி கேப்பாங்க" என்று முத்திரை குத்தினார்.

பூங்கா எந்தத் துறையைச் சேர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அந்தத் துறையிலிருந்து ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். கல் உயிரோடு இருப்பதற்கு விதியில் இடமில்லை என்றார். பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார், எண், கிடைத்த இடம், வயது, நீளம், அகலம் என்றெல்லாம் கட்டம் இருந்தது, உடல்நிலைக்குக் கட்டம் இல்லை. சவரிமுத்து ஸ்கேல் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதிகாரி கொஞ்ச நேரம் ஸ்கேலையே பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு முட்டையை இமைமேல் வைத்துப் பார்த்தார், பிறகு ஸ்கேலை எடுத்து அவர் கையாலேயே கடைசியில் ஒரு கட்டம் போட்டார். அன்றிலிருந்து சவரிமுத்து ஒவ்வொரு சாயங்காலமும் ஒன்பதாம் நம்பருக்கு நேரே "நலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மற்றப் பதினொன்றுக்கும் கோடு.

இதற்கிடையே ஊர்ப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி வெயிலில் முட்டைக்குக் காவலிருக்கிறாளே என்று ஒரு மதியம் ஒருத்தி புளிச்சோறு கொண்டுவந்தாள். இன்னொருத்தி எலுமிச்சைச் சோறு, குணவதி தயிர்சோறு, மேஸ்திரியின் பெண்சாதி தேங்காய்ச் சோறு, சவரிமுத்துவின் வீட்டம்மா தக்காளிச் சோறு, யாரோ ஒரு வீட்டிலிருந்து எள்ளுச்சோறு. மேகலா எல்லாவற்றிலும் ஒரு வாய் தின்றாள். பாவாயி ஓரத்தில் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவள் ஆறில் நிறுத்திப் பெருமூச்சு விட்டாள், அந்த நேரம் பார்த்துச் சர்ச் தெருவிலிருந்து ஒரு பெண் சர்க்கரைப் பொங்கலோடு ஓடிவந்து, "லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்குங்க" என்றாள். பாவாயிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏழு. யாரும் சொல்லாமல், யாரும் கூடிப் பேசாமல், கட்டுச்சோறு வந்து இறங்கிவிட்டது. மேகலா அதையும் வாங்கித் தின்றாள், ஆனால் நாங்கள் மூன்று பேரும் அன்றிலிருந்து நாள் எண்ணினோம். பூபதி போனில், "எத்தனாவதுப்பா?" என்பான். "நாலு" என்பேன். "ஏழு" என்பேன்.

பத்தாம் நாள் வெடி வெடித்தது.

மேஸ்திரி லீவில் போயிருந்தார், புதிதாக வந்தவனுக்கு விஷயம் தெரியாது, நான்கு மணிக்கு எப்போதும்போல வைத்துவிட்டான். நான் டீ கிளாஸோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தேன். தரை ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது, வெள்ளைத் தூசி பூங்காவை மூடியது, சிமெண்ட் டைனோசரின் வாயிலிருந்து குப்பைத் தொட்டி உருண்டு வந்தது. நாங்கள் கொட்டகைக்கு ஓடினோம். மேகலா ஒன்பதாம் முட்டையை மடியில் வாரி, வயிற்றோடு அணைத்து, அதன் மேல் குனிந்து, தலை முதல் கால்வரை சுண்ணாம்பு பூசின சிலையாக உட்கார்ந்திருந்தாள். அசையவே இல்லை. பாவாயி பக்கத்தில் போக முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை" என்றது சிலை. "உதைக்குதுங்க."

"எது கண்ணு?"

"வெளிய இருக்கறது பயந்துபோய் நெளியுது. உள்ள இருக்கறது, தள்ளிப் படுன்னு அதை உதைக்குது."

சொல்லிவிட்டு ஒரு கையை முட்டைமேலிருந்து எடுத்து வயிற்றில் வைத்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவை. தூசியில் ஐந்து விரலும் அப்படியே பதிந்தது. "மாமா, ஸ்கேனுக்குப் போலாங்க. நானே பார்க்கறேன்" என்றாள்.

அரியலூரில் போய்ப் பார்த்தோம். திரையில் வெளிச்சம் வந்ததும் டாக்டரம்மா கருவியை வைத்துத் தேடிக்கொண்டிருக்கும்போதே இவள் படுத்தபடி, "இன்னும் கொஞ்சம் எடப்பக்கமுங்க. அங்கதான். துடிக்குது பாருங்க" என்றாளாம். டாக்டரம்மா, "நீங்க எந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாராம். "கோழிகிட்டீங்க" என்றாளாம்.

முட்டை பொரிந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இன்னும் இல்லை. கோழிக்கு இருபத்தோரு நாள், வாத்துக்கு இருபத்தெட்டு, இதற்கு எத்தனை என்று சொல்ல ஆளில்லை. இப்போதும் புரட்டுகிறார்கள், பலகையில் எழுதுகிறார்கள், ஆளில்லாத வேளையில் நாமக்கல்லிலிருந்து நானே பஸ் பிடித்துப் போய்ப் புரட்டிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன். போகும்போதெல்லாம் அதன் காது எந்தப் பக்கம் இருக்கும் என்று உத்தேசமாகப் பார்த்து நன்றி சொல்கிறேன். பொரிந்துவிடாமல் இருந்ததற்கு, செத்துவிடாமல் இருந்ததற்கு, நாங்கள் வரும்வரை சூடு ஆறாமல் இருந்ததற்கு. சவரிமுத்துவுக்கு, இரண்டாவது விசில் ஊதாததற்கு. வெடி வைத்த அந்தப் புதுப் பையனைக்கூடத் தேடிப்போய்க் கும்பிட்டேன், அவன் நான் அடிக்க வருகிறேன் என்று நினைத்து லாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டான், அடியில் குனிந்து கும்பிட்டேன்.

ஆடி மாதம், ஒரு முற்பகலில், பத்து மாதமும் நிறைந்து மேகலாவுக்கு வலி எடுத்தது. ஓடைப்புதூரில் அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. முட்டையை முதல் தடவையாகத் தனியே விட்டுவிட்டு, பொறுத்துப் பழகினதுதானே, ஒரு பகல் பொறுக்காதா என்று சொல்லிக்கொண்டு, மூன்று லாரியில் ஏறி எல்லாரும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. பாவாயி கொண்டுவந்து காட்டினாள். பெண். இரண்டு கிலோ எண்ணூறு.

கல்லுக்குள் உயிர் இருக்கிறது என்றபோது கீற்றுப் போட வேண்டும் என்று மட்டும் சொன்ன சவரிமுத்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்து, வெகு நேரம் பார்த்தார்.

"அய்யா" என்று என் கையைப் பிடித்தார். "நகங்கூட இருக்குதய்யா."

"தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்று குணவதி வந்தாள். மேஸ்திரி வந்தார், லாரிக்காரர்கள் வந்தார்கள், ஜீப்பிலிருந்து இறங்கி அந்த அதிகாரி வந்தார். ஒவ்வொருவராக வரிசையில் நின்று, குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கையில் பத்தும் காலில் பத்தும் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணியவர்கள் ஒருத்தரும் நம்பவில்லை. மறுபடி போய் வரிசையின் கடைசியில் நின்றார்கள்.